பாத்திரம்தான் அடுப்பு

தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் ஊற்றி இண்டக்‌ஷன் அடுப்பின் நட்டநடுவில் வைத்துப் பாருங்கள். கரண்டி நல்ல இரும்புதான். காந்தம் பச்சென்று ஒட்டும். ஆனாலும் அடுப்பு இரண்டு மூன்று முறை கத்திவிட்டு, ஏதோ ஒரு பிழைக் குறியைக் காட்டி, சும்மா இருந்துவிடும். கடுகு வெடிக்காது. அதே அடுப்பில் குக்கரை வைத்தால் மறுபேச்சில்லாமல் வேலை நடக்கிறது. கேஸ் அடுப்புக்கு இந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது. மேலே எதை வைத்தாலும் எரியும், ஒன்றும் வைக்காவிட்டாலும் எரியும்.

கேஸ் அடுப்பில் சூடு பிறப்பது தீயில். பாத்திரம் அதில் தனக்குக் கிடைத்த பங்கை வாங்கிக்கொள்கிறது, மிச்சம் சமையலறைக்குப் போகிறது. இண்டக்‌ஷனில் சூடு பிறப்பதே பாத்திரத்தின் அடித்தகட்டில்தான். கண்ணாடிக்குக் கீழே இருப்பதெல்லாம் தட்டையாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்றும், அதற்கு மின்சாரம் அனுப்பும் மின்னணுச் சாமான்களும், அவற்றைக் குளிரவைக்க ஒரு மின்விசிறியும்தான். கடையில் நாம் காசு கொடுத்து வாங்கி வருவது பாதி அடுப்பு. மறுபாதி அலமாரியில் இருக்கிறது. அது எந்த அளவில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் முழு அடுப்பும் அமையும்.

இதன் மூலக்கதை 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்குகிறது. மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கங்களிலும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு கம்பியில் மின்சாரத்தைச் சேர்க்கும் நொடியிலும் துண்டிக்கும் நொடியிலும் மட்டும், தொடர்பே இல்லாத மற்றக் கம்பியின் அருகே இருந்த காந்த ஊசி ஆடியது. காந்தப்புலம் மாறும்போதுதான் மின்சாரம் தூண்டப்படுகிறது, நிலையாக நின்றால் ஒன்றும் நடப்பதில்லை. பின்னர் 1855-இல், பூமி சுழல்வதை ஊசல் கட்டிக் காட்டிய அதே லியான் ஃபூக்கோ, காந்த முனைகளுக்கு நடுவே ஒரு செம்புத் தட்டைச் சுழற்றினார். தட்டு சுழல மறுத்து இழுத்தது, கூடவே சூடும் ஏறியது. உலோகத்துக்குள்ளேயே சுழித்துச் சுழித்து ஓடும் மின்சாரம்தான் காரணம். சுழல் மின்னோட்டம் என்று அதற்குப் பெயர்.

மின்பொறியாளர்களுக்கு அது நெடுங்காலம் பெரிய தொல்லை. மோட்டாரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் வீண் சூட்டை உண்டாக்கியது. இரும்பை முழுக்கட்டியாக வைக்காமல் மெல்லிய தகடுகளாக அடுக்கி அதை அடக்கினார்கள். அடக்க வேண்டியதை அவிழ்த்துவிட்டால் சோறு பொங்கலாமே என்ற எண்ணம் சமையலறைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1950-களில் அமெரிக்காவில் ஃப்ரிஜிடேர் நிறுவனம் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாளை விரித்துவைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் காட்டியது, தாள் எரியவில்லை. 1970-களின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் வீட்டுக்கான அடுப்பையே உருவாக்கியது. நடுத்தர வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு இது இறங்க, மின்னணுச் சாமான்கள் மலிவாக வேண்டியிருந்தது.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அந்த வேகம் போதாது. எனவே அடுப்பு அதை முதலில் ஒரே திசை மின்சாரமாக்கி, பிறகு நொடிக்கு 20,000 முறைக்கு மேல் திசைமாற்றிச் சுருளுக்குள் அனுப்புகிறது. 20,000 என்பது மனிதக் காது கேட்கும் எல்லை. அதற்குக் கீழே வைத்திருந்தால் சமையல் முடியும்வரை காதைத் துளைக்கும் கீச்சொலியைச் சகிக்க வேண்டியிருக்கும். (சில பாத்திரங்கள் 'உம்'மென்று முனகுவது வேறு கதை. 50 அலைவின் இரட்டிப்பான 100-இல் அடித்தகட்டின் அடுக்குகள் அதிர்வதால் வருவது அது. பயப்பட ஒன்றுமில்லை.)

இவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டம் உலோகத்தின் ஆழத்துக்குள் போவதில்லை, மேற்பரப்பை ஒட்டியே ஓடும். செம்பில் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் ஆழம். காந்தம் ஒட்டும் இரும்பிலும் எஃகிலும் அதைவிட இன்னும் மெல்லிய தோல்தான். இரும்பு ஏற்கெனவே செம்பைவிடச் சுமாரான கடத்தி. பாதையும் ஒடுங்கிப்போவதால் மின்தடை பல பத்து மடங்கு கூடுகிறது. தடை இருக்கும் இடத்தில்தான் சூடு. செம்புப் பானை சூடேறாததற்கும் அடியிலிருக்கும் செம்புச் சுருள் உருகிப்போகாததற்கும் காரணம் ஒன்றே: இரண்டிலும் தடை குறைவு. அலுமினியச் சட்டி, பித்தளை உருளி, ஈயச்சொம்பு எல்லாம் இந்த அடுப்பில் தோற்பதும் இதனால்தான். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த நம் பழைய எவர்சில்வர் பாத்திரங்களிலும் காந்தம் ஒட்டாது. அவற்றையும் பெரும்பாலான அடுப்புகள் ஏற்பதில்லை. ஜப்பானியர்கள் 2000-களின் தொடக்கத்தில், திசைமாற்றும் வேகத்தைப் பல மடங்கு கூட்டி, செம்பையும் அலுமினியத்தையும்கூடச் சூடாக்கும் அடுப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு வேடிக்கையான சிக்கல் முளைத்தது. தூண்டப்பட்ட மின்னோட்டம் சுருளை எதிர்த்துத் தள்ளுவதால், இலேசான அலுமினியச் சட்டி கண்ணாடி மேல் மிதப்பதுபோல் நகர ஆரம்பித்தது!

சரி, கரண்டியை அடுப்பு எப்படி இனம் கண்டது? அடியில் கேமராவும் இல்லை, தராசும் இல்லை. அடுப்பு அவ்வப்போது சுருளுக்குள் ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பிவிட்டு, அது எவ்வளவு நேரம் அலைந்து ஓய்கிறது என்று பார்க்கிறது. கோயில் மணியை அடித்துவிட்டுச் சும்மா விட்டால் நெடுநேரம் ஒலிக்கும், உள்ளங்கையை அதன் விளிம்பில் வைத்தால் சட்டென்று அடங்கும். பாத்திரம் இல்லாத சுருள் சும்மா விட்ட மணி. அகலமான இரும்பு அடி மேலே இருந்தால் துடிப்பின் ஆற்றலை அது விழுங்கிவிடுவதால் அலைவு சீக்கிரமே சாகிறது. கரண்டியின் சின்ன அடி விழுங்குவது மிகக் கொஞ்சம், அதாவது விரல்நுனியால் மணியைத் தொட்டதுபோல. மேலே ஒன்றும் இல்லை என்று அடுப்பு முடிவுகட்டிவிடுகிறது. இது குறைபாடு இல்லை, வேண்டுமென்றே வைத்த காவல். தவறி விழுந்த ஸ்பூனோ கழற்றிவைத்த வளையலோ பழுக்கக் காயாமல் இருப்பது இந்தக் காவலால்தான். பெரும்பாலான ஒற்றை அடுப்புகளின் கையேடுகள் அடிப்பகுதி குறைந்தது 12 சென்டிமீட்டர் இருக்கட்டும் என்று கேட்பதும் இதற்காகவே.

அந்த 12 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியா? இல்லை. 18 சென்டிமீட்டர் சுருளின் பரப்பு சுமார் 254 சதுர சென்டிமீட்டர். 12 சென்டிமீட்டர் அடியின் பரப்பு 113. பாதிகூடத் தேறவில்லை. சுருளின் வெளிச்சுற்றுகள் எழுப்பும் காந்தப்புலத்தைப் பிடிக்க அங்கே உலோகமே இல்லை. சில அடுப்புகள் சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். ஓர் எல்லைக்கு மேல் அவற்றாலும் முடியாது. திரையில் 1,800 என்று மின்னிக்கொண்டிருந்தாலும் பாத்திரத்துக்குள் உண்மையில் போவது அதில் பாதியாக இருக்கலாம். திரையில் தெரிவது நாம் கேட்டது, கிடைத்தது அன்று.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். சின்னப் பாத்திரத்தை வைத்தால் மின்சாரம் பாழ் என்று பலர் நினைக்கிறார்கள். கேஸ் அடுப்பைப் பொறுத்தவரை அது சரி. தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி, கைப்பிடியைச் சுட்டுவிட்டுக் காற்றோடு போகும். இண்டக்‌ஷனில் கணக்கு வேறு. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 293 கிலோஜூல் வேண்டும். பொருத்தமான பாத்திரம் 1,800 வாட் இழுத்து அதில் 85 சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். சின்னப் பாத்திரம் 800 வாட்தான் இழுக்கிறது, அதில் 80 சதவீதம் உள்ளே போகிறது என்றால் ஏழரை நிமிடம். இரண்டு முறையும் மீட்டரில் ஓடியது ஏறக்குறைய பத்தில் ஒரு யூனிட். நேரம்தான் இரண்டு மடங்குக்கு மேல், மின்சாரம் அப்படியே. அமெரிக்காவின் மின்சக்தி ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. சிறிய பாத்திரம் வைத்தபோது சாதாரண மின்கம்பி அடுப்பின் திறன் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. இண்டக்‌ஷனின் திறன் முக்கால் பங்குக்குக் கீழே போகவில்லை. பாத்திரம் பிடிக்காத காந்தப்புலம் சூடாக வெளியேறுவதில்லை. அதன் ஆற்றல் பெரும்பாலும் மின்சுற்றுக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே சிறு பாத்திரத்தின் மேல் நான் சொல்லும் புகார் கரண்ட் பில் பற்றியது அன்று. நேரம் பற்றியது.

பெரிய பாத்திரத்தின் சங்கதிதான் உண்மையில் சுவையானது.

ஓர் அகன்ற, அடி கனமில்லாத பாத்திரத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி முழு வேகத்தில் வையுங்கள். முதல் குமிழிகள் எங்கே கிளம்புகின்றன என்று கவனியுங்கள். நடுவில் கிளம்பாது, ஓரத்திலும் கிளம்பாது. நடுவுக்கும் சுருளின் விளிம்புக்கும் இடையில் ஒரு வளையமாகக் குமிழி கட்டும், கம்பஸ் வைத்து வரைந்ததுபோல. தட்டைச் சுருளின் மேல் தூண்டப்படும் மின்னோட்டம் வட்டமாக ஓடுவது. சரியாக மையப் புள்ளியில் அது சுற்ற இடமே இல்லை, அங்கே மின்னோட்டம் சுழியம். வெளியே நகர நகரக் கூடி, பாதி வழியில் உச்சத்தைத் தொட்டு, சுருளின் எல்லை தாண்டியதும் மங்கிப்போகிறது. இண்டக்‌ஷன் அடுப்பின் தீ, வடை போல் நடுவில் ஓட்டையுள்ள தீ.

பாத்திரத்தின் அடி சுருளை ஒத்திருந்தால் இது பெரிய குறையில்லை. உள்ளே தண்ணீரோ சாம்பாரோ இருந்தால் அது சுழன்று சூட்டைத் தானே பங்கிட்டுக்கொள்ளும். தோசைக்கல்லில் பங்கிட யாரும் இல்லை. 30 சென்டிமீட்டர் கல், அடியில் 18 சென்டிமீட்டர் சுருள். ஓரத்தில் ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்கு எந்தச் சூடும் பிறப்பதில்லை, உள்ளேயிருந்து உலோகத்தின் வழியாகப் பரவி வந்தால்தான் உண்டு. வெப்பம் பரவும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் அந்த ஆறு சென்டிமீட்டரைக் கடக்க அலுமினியத்தில் அரை நிமிடம் போல ஆகும், இரும்பில் சில நிமிடங்கள். காந்தம் ஒட்டாத எவர்சில்வரில் கால் மணி நேரம்! போகிற வழியெல்லாம் காற்றுக்கு வரி கட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரம் ஒருநாளும் நடுப்பகுதியை எட்டிப்பிடிக்காது. தோசையில் ஒரு முறுகல் வளையமும், நடுவில் வெளுத்த பொட்டும், சுற்றிலும் வெந்தும் வேகாத கரையுமாக வருவது மாவின் குற்றமில்லை.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. முதலாவது பொறுமை. கனமான இரும்புக்கல்லைக் குறைந்த வேகத்தில் ஐந்து, ஆறு நிமிடம் காயவிட்டு, பிறகு கூட்டுவது. வார்ப்பிரும்பை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைக்கவே கூடாது. வளையம் விரிய, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விட்டுக்கொடுக்காமல் நிற்க, கல் வளையலாம், சில சமயம் விரிசலே விடலாம். இரண்டாவது வழி காசு. உள்ளே எவர்சில்வர், நடுவே அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் எஃகு என மூன்று அடுக்காக ஒட்டிய பாத்திரங்கள் வருகின்றன. வெளி அடுக்கு சூட்டைப் பிறப்பிக்கும், நடு அடுக்கு அதை ஓரம்வரை ஓட்டிச்செல்லும். வேலை தெரிந்த ஏற்பாடு அது. விலையும் அப்படியே.

வாணலியின் நிலை இன்னும் பரிதாபம். குழிந்த அடியுள்ள வாணலி கண்ணாடியைத் தொடுவது மையத்தில் மட்டும். 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டையிலிருந்து வெட்டியெடுத்ததுபோல் அது வளைந்திருப்பதாகக் கொள்ளுங்கள். மையத்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். காந்தப்புலமோ சுருளை விட்டு மேலே போகப்போக வேகமாகத் தேய்வது. ஆக, சூடு பிறக்காத மையத்தில் தொட்டுக்கொண்டும், சூடு உச்சமாகப் பிறக்க வேண்டிய வளையத்தில் விலகியும் நிற்கிறது. கொஞ்சம் கூடப் பொருந்தாத ஜோடி. குழிந்த வாணலிக்கென்றே குழிந்த கண்ணாடியும் குழிந்த சுருளும் கொண்ட அடுப்புகள் சீன உணவகங்களில் உண்டு. வீட்டுக்குத் தட்டை அடி வாணலி போதும்.

இனி, அளவு என்று எதைச் சொல்வது? கடையில் பாத்திரத்தை வாய் அகலத்தாலோ லிட்டராலோ சொல்லி விற்கிறார்கள். அடுப்புக்கு இரண்டும் வேண்டாதவை. நம் ஊர்ப் பாத்திரங்களுக்கு வாய் அகன்று, வயிறு பெருத்து, அடி ஒடுங்கியிருப்பது வழக்கம். 24 சென்டிமீட்டர் வாயுள்ள பாத்திரத்தின் அடி 14 இருக்கலாம். அந்த அடியிலும் முழுக்கக் காந்த உலோகம்தான் என்று நிச்சயமில்லை. 'இண்டக்‌ஷன் பேஸ்' போட்ட அலுமினியக் குக்கரைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓர் எஃகுத் தட்டைப் பதித்திருப்பார்கள். சிலவற்றில் அது சல்லடைபோல் துளையிட்ட தட்டு. அடுப்பின் கண்ணுக்கு அந்தத் தட்டு மட்டுமே பாத்திரம். ஒரு சின்னக் காந்தத்தை அடியில் மெல்ல நகர்த்தினால் அது எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிடும். பிடிக்கும் அகலமே உண்மையான அளவு.

அடுப்புப் பக்கமும் இதே ஏமாற்று உண்டு. கண்ணாடி மேல் அச்சிட்ட வட்டம் பெரிதாக இருக்கும், உள்ளே சுருள் அதைவிடச் சிறிதாக இருக்கலாம். குமிழி வளையத்தை நம்புங்கள், அச்சிட்ட வட்டத்தை நம்ப வேண்டாம். நான்கு அடுப்புள்ள ஐரோப்பிய மேடைகளில் 14.5, 18, 21 சென்டிமீட்டர் என்று வெவ்வேறு வட்டங்கள் வைத்து, பாத்திரத்துக்கேற்ற இடத்தை நாமே தேர்ந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். விலையுயர்ந்த சிலவற்றில் டஜன் கணக்கான சிறு சுருள்களைத் தளம் முழுக்கப் பரப்பி, பாத்திரம் எங்கே இருக்கிறதோ அங்குள்ளவற்றை மட்டும் உயிர்ப்பிக்கிறார்கள். நமக்கு வாய்த்தது பெரும்பாலும் ஒற்றைச் சுருள். பாத்திரம்தான் வளைந்துகொடுக்க வேண்டும்.

வெப்ப உணரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடிக்கு அடியில், சுருளின் நடு ஓட்டையில் அது உட்கார்ந்திருக்கிறது, அதாவது பாத்திரத்தின் அடியில் சூடு குறைவாக உள்ள இடத்துக்கு நேர் கீழே. மெல்லிய தவாவை வெறுமையாக முழு வேகத்தில் வைத்தால், வளையப் பகுதி நான்ஸ்டிக் பூச்சு தாங்கும் 260 டிகிரியைத் தாண்டிய பிறகும் உணரிக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. அடி வளைந்து கண்ணாடியை விட்டு எழும்பிய பாத்திரத்தில் இந்தத் தாமதம் இன்னும் மோசம்.

பாத்திரம் பிடிக்காத காந்தப்புலம் சுற்றிலும் கொஞ்சம் கசியவும் செய்கிறது. சுருளைவிடச் சிறிய பாத்திரமோ ஓரமாக நகர்ந்த பாத்திரமோ இருந்தால் கசிவு கூடுதல். சுவிட்சர்லாந்தின் பொதுச் சுகாதார அலுவலகம், வட்டத்தை நிறைக்கும் பாத்திரத்தை நடுவில் வைத்துச் சமையுங்கள், அடுப்பின் மேல் உடலைச் சாய்த்துக்கொண்டு நிற்காதீர்கள் என்று அறிவுறுத்துகிறது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. மற்றவர்கள் அஞ்ச வேண்டிய சங்கதி என்று எனக்குத் தோன்றவில்லை.

காந்தம் ஒட்டாத பழைய பாத்திரங்களைக் காப்பாற்றுவதற்கென்று ஓர் இரும்புத் தட்டை விற்கிறார்கள். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே அதை வைக்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். சூடு தட்டில் பிறந்து, தட்டிலிருந்து பாத்திரத்துக்குத் தொற்றி ஏற வேண்டும். அதற்குள் தட்டு பழுத்துக் கண்ணாடியையும் கீழேயிருக்கும் சாமான்களையும் வாட்டும். அதற்குப் பழைய சுருள்கம்பி அடுப்பே தேவலை. தாளிப்புக்கு வேண்டுமானால் 12 சென்டிமீட்டருக்குக் குறையாத தட்டை அடியுள்ள சின்ன இரும்புச் சட்டி ஒன்றை ஒதுக்கிவையுங்கள். எண்ணெய் சட்டென்று புகைந்துவிடும். கடுகைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே அடுப்பைப் போடுங்கள்.

அடுத்த முறை பாத்திரக் கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றையும் ஒரு ஸ்கேலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து, ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அடி தட்டையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். காந்தம் பிடிக்கும் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஒற்றைச் சுருள் அடுப்புக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர்வரை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்தால் மெதுவாக வேகும், கூடினால் அடி கனமானதா என்று பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும், பாத்திரத்தோடு சேர்த்து நீங்கள் வாங்குவது பாதி அடுப்பு.